ரிலீஸுக்கு முந்தின நாள் மட்டும் ஏன் இப்படி ஆகிறது? – வாசகர் கேள்வி பதில்

வேலையிடத்து மோதல்கள் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்தை இங்கே எடுத்திருக்கிறேன். ஐ.டி. அலுவலகம், கட்டட வேலை, காலேஜ், தொழிற்சாலை என்று இடங்கள் வேறு வேறு. ஆனால் எல்லாமே, ஒரு தேதிக்குள் பலர் சேர்ந்து முடிக்க வேண்டிய ப்ராஜெக்ட் வேலையில் வந்த சண்டைகள். கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டேன், கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். எங்கள் டெவலப்பர் ஒருவர் ஒவ்வொரு ரிலீஸுக்கும் முந்தின நாள் சாயங்காலம்தான் பில்ட் (டெஸ்ட் செய்ய வேண்டிய பதிப்பு) கொடுக்கிறார். நான் பக் (பிழை) என்று பதிவு போட்டால், ‘டெஸ்டிங் டீமுக்கு வேற வேலையே இல்லையா’ என்று எல்லோரும் பார்க்க குரூப்பில் எழுதுகிறார். போன மாதம் கேப் கிடைத்து வீட்டுக்குப் போக ராத்திரி ஒன்றரை மணி ஆகிவிட்டது. மேனேஜரிடம் சொன்னால் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்கிறார். அந்த டெவலப்பருக்கு என் மேல் என்ன கோபம் என்றே தெரியவில்லை. வேலையை விட்டுவிடலாமா?
– வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: விடுவது பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது: ‘ஒவ்வொரு ரிலீஸுக்கும் முந்தின நாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ரிலீஸ் முடிந்த அடுத்த வாரம் அவர் எப்படி இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கேன்டீனில் பார்த்தால் சாதாரணமாகப் பேசுகிறாரா? பேசுகிறார் என்றால், அவர் கோபம் உங்களைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த ஒரு நாளின் நெருக்கடி, பக்கத்தில் நிற்கிற உங்கள் மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

1975-இல் ஹான்ஸ் தாம்ஹைன், டேவிட் வில்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ப்ராஜெக்ட் மேனேஜர்களிடம், எதனால் மோதல் வருகிறது, எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஏழு காரணங்களை வைத்துப் பார்த்தார்கள்: கால அட்டவணை, எந்த வேலைக்கு முன்னுரிமை என்பது, ஆள் பற்றாக்குறை, தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு, நிர்வாக நடைமுறை, செலவு, அப்புறம் மனிதர்களின் சுபாவம். மொத்தத்தில் முதலிடம் கால அட்டவணைக்கு. சுபாவம் பட்டியலின் அடிப்பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் ப்ராஜெக்ட்டை முடிக்கிற கட்டத்தில் மட்டும் அதே சுபாவம் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடுகிறது. ஆறு மாதமாக நல்லவராக இருந்த மனிதர் கடைசி வாரத்தில் கெட்டவராகிவிடுவதில்லையே. முன்னால் தீர்க்காமல் விட்ட தேதிப் பிரச்சினை, முன்னுரிமைப் பிரச்சினை எல்லாம் சேர்ந்து கடைசியில் ஆள் மேல் போய் உட்காருகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் இடம் வேலை வரிசையின் கடைசி. வாடிக்கையாளர் தேவையைச் சொல்ல இரண்டு நாள் தாமதம், டிசைன் முடிவாக இன்னொரு நாள், நடுவில் ஆன்சைட்டிலிருந்து (வாடிக்கையாளர் இடத்தில் இருக்கும் டீம்) ஒரு மாற்றம். யாரும் ரிலீஸ் தேதியைத் தள்ளவில்லை. அப்படியென்றால் அந்த நாட்கள் எங்கிருந்து போகும்? டெவலப்பரிடமிருந்து பாதி, மீதி முழுவதும் உங்களிடமிருந்து. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் இலைக்கு வந்து சேருகிற மாதிரிதான், முன்னால் செலவானது போக மிஞ்சியது உங்களுக்கு.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் நான் டெவலப்பராக இருந்த ஒரு கம்பெனியில், என் மாட்யூலை டெஸ்ட் செய்த பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் கடுமையாகப் பேசிவிட்டேன். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு எனக்கு ஒரு மாற்றம் மெயிலில் வந்திருந்தது, அந்த மெயிலில் அவர் பெயர் இல்லை. பழைய விதிப்படி டெஸ்ட் செய்து அவர் பக் போட, வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் நினைக்க, என் திமிர் என்று அவர் நினைக்க, இரண்டு பேரும் வாரக்கணக்கில் பேசவில்லை. தப்பு ஒரு மெயிலில் விட்டுப்போன பெயர். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது எட்டு மாதம் ஆகியிருந்தது, அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. கடைசி நான்கு ரிலீஸை எடுங்கள். பில்ட் என்றைக்கு வருவதாகத் திட்டம், என்றைக்கு வந்தது, அதன் பிறகு எத்தனை பக், நீங்கள் ஆபீஸிலிருந்து கிளம்பிய நேரம் என்ன. ஒரே பக்கத்தில் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோங்கள். அதில் அந்த டெவலப்பர் பெயர் எங்கும் வேண்டாம். ‘அவர் இப்படிப் பேசுகிறார்’ என்று போனால் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வார். ‘நான்கு ரிலீஸிலும் டெஸ்டிங்குக்கு ஐந்து நாள் என்று போட்டீர்கள், கிடைத்தது ஒரு ராத்திரி’ என்று அவர் போட்ட திட்டத்தையே காட்டினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: கோட் ஃப்ரீஸுக்கு (கோடில் மாற்றம் செய்வதை நிறுத்துவதற்கு) ஒரு தேதி, அதற்கு மேல் வருகிற மாற்றம் அடுத்த ரிலீஸுக்குப் போகும் என்ற ஒப்புதல். அப்புறம், எந்த மாதிரி பக் வந்தால் ரிலீஸ் நிற்கும், எதை விட்டுவிட்டுப் போகலாம் என்பதை முடிவு செய்ய ஒரு ஆள். இப்போது அந்த முடிவை ராத்திரி பத்து மணிக்கு நீங்களும் அவரும் சண்டை போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

குரூப்பில் அவர் எழுதியது தப்பு, அதில் சந்தேகமே வேண்டாம். ரிலீஸ் இல்லாத ஒரு நாளில் நேரில் கூப்பிட்டு, ‘அன்றைக்கு நீங்கள் எழுதியது எனக்கு அவமானமாக இருந்தது, இனிமேல் என்னிடம் நேராகச் சொல்லுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். மறுபடி எழுதினால் ஸ்க்ரீன்ஷாட்டோடு மேனேஜருக்கு மெயில். ராத்திரி ஒன்றரை மணி விஷயத்தை இதோடு கலக்காதீர்கள். அது பாதுகாப்புப் பிரச்சினை, எச்.ஆர். வரை தனியாகவே போக வேண்டியது. இவ்வளவு செய்தும் அடுத்த இரண்டு ரிலீஸில் ஒன்றும் மாறவில்லை என்றால், அப்போது வேறு இடம் தேடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வீட்டு அபார்ட்மென்ட் வேலையில் சைட் இன்ஜினீயராக இருக்கிறேன். கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தினம் சண்டை. பூசி முடித்த சுவரில் காடி (வயர் பைப் பதிக்கிற பள்ளம்) வெட்டுகிறார் என்று இவர் கத்துகிறார், எனக்கு யாருமே சொல்லவில்லை என்று அவர் கத்துகிறார். போன வாரம் கை நீட்டும் அளவுக்குப் போய்விட்டது. இரண்டு பேருமே நல்ல வேலைக்காரர்கள். யாரை அனுப்புவது?
– வாசகர், மதுரை

பதில்: யாரையும் அனுப்ப வேண்டாம் தம்பி. அடுத்து வருகிற ஆளும் அதே சுவரின் முன்னால் நின்று அதே சண்டையைத்தான் போடுவார்.

இவர்களுக்குக் கூலி எப்படிப் பேசியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நம் ஊர் வழக்கப்படி என்றால் பூச்சுக்குச் சதுர அடிக் கணக்கு, எலக்ட்ரிக்கல் வேலைக்குப் பாயின்ட் கணக்கு. வெட்டிய இடத்தைத் திரும்பப் பூசும் வேலை எந்தக் கணக்கில் வருகிறது? எதிலும் வராது. எலக்ட்ரீஷியன் பாயின்ட் முடித்தால் அவருக்குக் காசு. கொத்தனார் மட்டும் கலவை போட்டு, சாரம் கட்டி, ஆளை நிறுத்தி, அரை நாள் வேலையைச் சும்மா செய்ய வேண்டும். அவர் கத்துவது தன் கூலிக்காக. நீங்கள் அதைக் குணக்கேடு என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வேலை வரிசை இரண்டு பேருக்கும் தெரியும். தளத்துக்குக் கம்பி கட்டினதும், கான்கிரீட் ஊற்றும் முன்னால் பைப் ஓட்ட வேண்டும். சுவர் எழுந்ததும் காடி வெட்டி, பைப்பும் பாக்ஸும் பதித்து, அதற்கப்புறம்தான் பூச்சு. தெரிந்தும் ஏன் மாறுகிறது? ‘இந்தச் சுவரை இனிப் பூசலாம்’ என்று சொல்லும் ஆள் உங்கள் சைட்டில் இல்லை. கொத்தனார் கையில் ஆள் இருக்கிற நாளில் எந்தச் சுவர் காலியோ அதைப் பூசுகிறார். அந்த ஆள் நீங்கள்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாளைக் கதவு நிலையில் ஒட்டுங்கள். எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த வீட்டில் கரணை எடுக்க வேண்டும். சுவிட்ச் பாக்ஸ், ஏ.சி., கீஸர் எங்கே என்பதை வீட்டுக்காரரை நிற்க வைத்துச் சாக்பீஸில் குறித்து போட்டோ எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அவர் ‘ஏ.சி.யை அந்தச் சுவருக்கு மாற்றுங்கள்’ என்றால் மாற்றலாம், ஆனால் அடிக்கு இவ்வளவு என்று திரும்பப் பூசும் கூலி அவர் பில்லில் ஏறும், கொத்தனார் கையில் போய்ச் சேரும். இந்த ஒரு ரேட்டைப் பேசி முடித்தாலே பாதிச் சத்தம் அடங்கும் என்பது என் கணிப்பு.

இன்னொன்று. ‘தரையிலிருந்து நாலரை அடி’ என்று சொல்கிறபோது எந்தத் தரை? டைல்ஸ் போடும் முன்னாலா, போட்ட பிறகா? ஒருவர் ஒன்றை நினைத்து, இன்னொருவர் வேறொன்றை நினைத்துப் பதித்தால் பாக்ஸ்கள் மேலும் கீழுமாக நிற்கும், மறுபடி வெட்டு. டியூப் லெவல் வைத்து எல்லா வீட்டிலும் ஒரே மட்டக் கோட்டைச் சுவரில் போட்டு, அதிலிருந்துதான் எல்லோரும் அளக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இது சின்ன விஷயம் என்று தோன்றும். செவ்வாய்க் கிரகத்துக்கு நாசா அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற விண்கலம் 1999 செப்டம்பரில் போய்ச் சேரும் நேரத்தில் தொலைந்ததற்குக் காரணமே இதுதான்: விண்கலத்தைச் செய்த கம்பெனி கொடுத்த மென்பொருள் விசையைப் பவுண்டு கணக்கில் தந்தது, அதை வாங்கிப் பாதை போட்டவர்கள் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் திறமைசாலிகள்தான், எண்ணோடு அலகையும் சேர்த்துச் சரிபார்ப்பது மட்டும் விட்டுப்போனது.

கை நீட்டிய விஷயத்தை அப்படியே விட வேண்டாம். இரண்டு பேரையும் கான்ட்ராக்டர் முன்னால் வைத்து, இன்னொரு தடவை நடந்தால் யாராக இருந்தாலும் அன்றோடு சைட்டை விட்டு வெளியே என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டில் நான்கு பேர். வேலை செய்வது நானும் இன்னொருத்தியும்தான். ஒருவன் லேப் பக்கமே வருவதில்லை, இன்னொருவன் ‘ரிப்போர்ட் நான் டைப் பண்றேன்’ என்று சொல்லியே மூன்று மாதம் ஓட்டிவிட்டான். மூன்று வாரத்தில் ரிவ்யூ. கைடிடம் சொன்னால் ‘நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க’ என்கிறார். அவர்கள் பெயரை எடுத்துவிடலாமா?
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: கோபம் நியாயமானதுதான்மா. நூறு பேர் வடம் பிடிக்கிற தேரில், யார் இழுக்கிறார், யார் கையை மட்டும் வைத்திருக்கிறார் என்று வெளியிலிருந்து தெரியாது, இல்லையா? மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்தார். கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக் கூட, தலைக்கு இழுக்கிற பலம் குறைந்தது. 1913-இல் அதை வெளியிட்டார். 1979-இல் பிப் லத்தானேயும் அவர் சகாக்களும் அமெரிக்காவில் ஆட்களைக் கத்தவும் கை தட்டவும் சொல்லிச் சோதித்தபோதும் அதேதான் தெரிந்தது. அவர்களே பிறகு செய்த சோதனையில், ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தச் சோம்பல் போய்விட்டது.

உங்கள் ப்ராஜெக்ட்டில் எந்தப் பகுதி யாருடையது என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் இன்றே நான்காகப் பிரியுங்கள். சென்சார், கோட், சர்க்யூட், ரிப்போர்ட் என்று எதுவானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. ரிவ்யூவில் அவரவர் பகுதியை அவரவரே விளக்க வேண்டும் என்று கைடிடம் கேட்டு வாங்குங்கள். சண்டையைத் தீர்த்துவையுங்கள் என்று கேட்டால்தான் அவர் ஒதுங்குவார், இந்த ஏற்பாட்டுக்குச் சரி சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும்.

அதற்கு முன்னால் லேபுக்கே வராத அந்தப் பையனைத் தனியாகப் போய்ப் பாருங்கள். குரூப்பில் கேட்காதீர்கள், நேரில். சாயங்காலம் எங்காவது வேலைக்குப் போகிறானா, அரியர் நிற்கிறதா, கோட் புரியாமல் வெட்கப்பட்டு ஒதுங்குகிறானா என்று தெரியாது. இந்த மூன்றாவது காரணத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் அவன் ஏதோ செய்து தப்பாகி, ‘விடு, நாங்களே பாத்துக்கறோம்’ என்று நீங்கள் இரண்டு பேரும் வாங்கிக்கொண்டீர்களா? நேர்மையாக யோசித்துப் பாருங்கள். அப்படி நடந்திருந்தால் அவன் செய்யக்கூடிய ஒரு வேலையை எடுத்துக்கொடுத்துத் திரும்பக் கூப்பிடுங்கள்.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால் பெயரை எடுப்பது பற்றிப் பேசலாம். ஆனால் ரிவ்யூவுக்கு ஒரு வாரம் முன்னால் அவர்களுக்கும் தெரிவித்து, கைடுக்கும் எழுத்தில் கொடுத்துச் செய்யுங்கள். அன்று காலையில் சொல்வது சரியில்லை.

கேள்வி: ப்ராஜெக்ட் தாமதம் என்று ஆறு பேர் இருந்த டீமைப் பன்னிரண்டாக்கினார் மேனேஜர். தாமதம் குறையவில்லை, சண்டைதான் கூடியிருக்கிறது. ஏன்?
– வாசகர், பெங்களூரு

பதில்: ஆறு பேர் ஒருவரோடொருவர் பேச 15 இணைப்புகள். பன்னிரண்டு பேர் என்றால் 66. ஆள் இரட்டிப்பு, பேச்சு நான்கு மடங்குக்கும் மேல். ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 என்ற மிகப் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமாகும் மென்பொருள் ப்ராஜெக்ட்டில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று 1975-இலேயே எழுதிவிட்டார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஏற்கெனவே மூச்சுமுட்டிக்கொண்டிருக்கிற பழைய ஆறு பேர்தானே. அவர்கள் எரிச்சலில் இருக்கிறார்கள், புதியவர்கள் யாரும் தங்களை மதிப்பதில்லை என்று நினைக்கிறார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்றால், பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலைகளை, டெஸ்ட் டேட்டா, டாக்குமென்ட், பழைய சின்ன பக்குகள், அவர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் சந்தேகம் கேட்க ஒரே ஒரு பழைய ஆளை நியமித்து, அவர் தலையிலிருந்து மற்ற வேலையை இறக்கிவிடுங்கள்.

கேள்வி: வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 26 வருஷ சர்வீஸ், குவாலிட்டியில் இருக்கிறேன். புது அலுமினியப் பாகத்துக்கு டை (வார்ப்பு அச்சு) ட்ரயல் போய்க்கொண்டிருக்கிறது. லீக் டெஸ்ட்டில் சில பீஸ் தோற்கிறது. மீட்டிங்கில் சொன்னால் ‘எப்பவும் நெகட்டிவாவே பேசாதீங்க, கஸ்டமர் தேதி நெருங்குது’ என்கிறார் ப்ராஜெக்ட் ஹெட். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ரிடையர் ஆகப் போகிற நேரத்தில் எதற்கு விரோதம் என்று மனைவி சொல்கிறார். பேசாமல் இருந்துவிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இருக்கக் கூடாது ஐயா. மற்ற நான்கு கடிதங்களிலும் சண்டையைக் குறைக்க வழி சொன்னேன். உங்கள் இடத்தில் சண்டை போதாது என்பதுதான் என் கவலை.

1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் கிளம்பி 73 வினாடியில் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அதற்கு முந்தின நாள் ராத்திரி ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தையகால் கம்பெனியின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிப்போய் இணைப்பைச் சரியாக மூடாது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்கு, கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்றார்கள். அன்று ராத்திரி உறைநிலைக்கும் கீழே போகும் என்று முன்னறிவிப்பு. அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலி ஆறு மாதம் முன்னாலேயே எழுத்தில் எச்சரித்திருந்தவர். ஏவும் தேதி ஏற்கெனவே பல தடவை தள்ளிப்போயிருந்ததால் நாசா தரப்பு ஏற்கத் தயங்கியது. கம்பெனி மேலதிகாரிகள் கொஞ்ச நேரம் இணைப்பைத் துண்டித்துத் தனியாகப் பேசினார்கள். அப்போது பொறியியல் தலைவரைப் பார்த்து மூத்த அதிகாரி ஒருவர், இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போடுங்கள் என்றார். திரும்ப வந்து ஏவலாம் என்றார்கள். பொறியாளர்கள் அதன் பிறகு அமைதியாகிவிட்டார்கள்.

விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அது உங்களுக்கு உதவும். வளையம் சேதமான பயணங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. சேதமாகாத பயணங்களையும் சேர்த்து வெப்பநிலைப்படி அடுக்கினால் பளிச்சென்று தெரிகிறது: 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போன எல்லாப் பயணத்திலும் சேதம், அதற்கு மேல் 20-இல் மூன்றில் மட்டும்தான். அந்த ராத்திரி அந்தப் படம் யார் முன்னாலும் இல்லை.

ஆகவே நீங்களும் தோற்ற பீஸ்களை மட்டும் தூக்கிக்கொண்டு மீட்டிங்குக்குப் போகாதீர்கள். இதுவரை ஓடிய எல்லா ட்ரயல் பீஸும் ஒரே தாளில் வரட்டும். தேதி, ஷிஃப்ட், மெஷின் ஆரம்பித்து எத்தனையாவது ஷாட் (வார்ப்பு), டை வெப்பநிலை, பாஸா ஃபெயிலா. டை சூடேறும் முன்னால் வந்த பீஸ்களில்தான் தோல்வி குவிகிறதா, அல்லது நாள் முழுக்கப் பரவிக் கிடக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். முதலாவது என்றால் முதல் இத்தனை ஷாட்டை ஒதுக்கினால் போதும், தேதிக்கே முடிக்கலாம் என்று நீங்களே வழி சொல்லலாம். இரண்டாவது என்றால் டையில் கை வைக்க வேண்டும், அதற்கு எத்தனை நாள் என்று டூல்ரூமில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘நெகட்டிவ்’ என்று அவர் சொன்னது உங்கள் பேச்சுக்கு. அந்தத் தாளுக்கு அதைச் சொல்ல முடியாது.

மீட்டிங்குக்கு முன்னாலேயே ப்ராஜெக்ட் ஹெட்டின் அறைக்குத் தனியாகப் போய்க் காட்டிவிடுங்கள். எல்லோர் முன்னாலும் முதல் தடவையாகப் பார்த்தால், அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவார். கஸ்டமரிடம் தேதி கேட்க வேண்டியவரும் அவர்தான், அவருக்கு மேலே இருந்து வருகிற அழுத்தம் நமக்குத் தெரியாது. அதையும் கேளுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அன்றைக்கே அந்தத் தாளை இணைத்து இரண்டே வரியில் மெயில் போட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவி பயப்படுவது புரிகிறது. இந்தத் தாளை அவரிடமும் காட்டுங்கள், நீங்கள் யாரோடும் விரோதம் வளர்க்கப் போகவில்லை என்பது அவருக்கே தெரியும். அடுத்த ட்ரயல் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்ததும் அந்தத் தாளில் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.